ஆகாயத்தில் தொங்கிய கிணறு

எங்கள் பக்கத்தில் ஆகாயத்தில் ஒரு கிணறு தொங்குகிறது, அதில் தண்ணீரும் இருக்கிறது என்ற செய்தியை நான் டிவியில் கேட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. செய்தி வாசித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவர் எங்களோடுதான் இருந்தார் என்பதால் மறுநாள் காலை பல் தேய்க்கும்போதே விசாரிக்க முடிந்தது. எந்தப் பக்கம் போனால் பார்க்கலாம் என்று கேட்டேன். வாய் நிறைய நுரையோடு கையை மேலே தூக்கிக் காட்டினார். அண்ணாந்து பார்த்தேன். அனல்மின் நிலையத்துப் புகை மட்டும்தான் இருந்தது.

நான் அதிகம் படித்தவள் இல்லை. எட்டாவதோடு சரி. அதற்குப் பிறகு செங்கல் சூளை, திருப்பூர் பனியன் கம்பெனி என்று சுற்றி, இப்போது பொருட்காட்சிக் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போகிறேன். ராட்சத ராட்டினத்தில் டிக்கெட் கிழிக்கிறேன். ஆளை ஏற்றிக் கம்பியைப் பூட்டுகிறேன். எவ்வளவோ ஊர், எவ்வளவோ வேடிக்கை பார்த்தாகிவிட்டது. ஆனாலும் வாய் பிளந்து நின்றது என்றால் அது ஒரு தடவைதான். அது எங்கள் ஊர்ச் சுரங்கத்தில், ஓர் ஆயுத பூசை அன்று.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பத்தை ஒட்டி எங்கள் வீடு இருந்தது. தகரக் கூரை. மழை பெய்தால் டிவி சத்தம் கேட்காது. நிற்கும்வரை வாயசைவைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்பாவுக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. வெட்டிய மண்ணைச் சுமந்துகொண்டு ஓடும் பெல்ட்டிலிருந்து கீழே சிந்துவதை வாரி மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். ஷிப்ட் முழுக்க வாருவார். ஷிப்ட் முழுக்கச் சிந்தும். பெர்மனென்ட் ஆகிவிட்டால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று எல்லா வீட்டிலும் பேசுவதுபோல எங்கள் வீட்டிலும் பேசினார்கள். அப்புறம் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

மாமா கேபிள்காரரிடம் வேலை பார்த்தார். பகலில் கம்பம் ஏறி ஒயர் இழுப்பார். சாயங்காலம் கேபிள் அறையிலேயே ஒரு நீலப் போர்வையைப் பின்னால் கட்டி அதன் முன்னால் உட்கார்ந்து, ‘பல்சுவை அரைமணி’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்துவார். கேபிள் போகும் இடம் முழுக்க அது தெரியும். இன்று என்ன நாள், விநோதச் செய்தி, சினிமா, சர்வே என்று அதில் நான்கு பகுதிகள்.

நாள் சொல்வதற்கு அவர் பழைய பேப்பர் கடையில் தேடுவார். கிடைக்காவிட்டால் தானே ஒரு நாளை உண்டாக்குவார். உலகக் கொட்டாவி தினம், உலக மாமியார் மௌன தினம். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. காற்று அனல்மின் நிலையத்திலிருந்து எங்கள் பக்கம் வீசினால் ‘இன்று சோப்புக்கு விடுமுறை’ என்று மத்தியானமே எழுத்து ஓடும். அன்று பெண்கள் துணி துவைக்க மாட்டார்கள். காயப்போட்டால் சாம்பல் படிந்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் மாமா சொன்னது பொய்த்ததே இல்லை. கம்பத்தின் மேலிருந்து காற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறவர் அல்லவா.

விநோதச் செய்தி என்றால் வெளிநாட்டில் ஒரு பூனை தேர்தலில் நின்றது, ஒரு மனிதர் தன் நிழலின் மேல் வழக்குப் போட்டார் என்பதுபோல வரும். சினிமாப் பகுதியில், ஒரு நடிகர் தாடி வளர்க்கிறார், எதற்கென்று வளர்ந்த பிறகு சொல்வாராம் என்பார். சர்வேக்கு மட்டும் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். “நிருபர் மருமவளே, கெளம்பு” என்று மாமா சொன்னால் போதும், ரசத்துக்கு முதலில் புளியா தக்காளியா என்று தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டு வருவேன். பெரியவர்கள் யோசித்து யோசித்துப் பதில் சொல்வது எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த வருடம் ஆயுத பூசைக்குச் சில நாட்களுக்கு முன், அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

“எங்க மிஷினு இப்ப உங்க ஊரு பக்கம் வந்துடுச்சி.”

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

அம்மாவின் ஊர் கம்மாபுரம் பக்கம். நான் பிறப்பதற்கு முன்பே அந்த ஊரைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் ஒவ்வொரு பக்கமாகப் போய்விட்டார்கள். வீட்டில் இதை யாரும் அழுது சொன்னதில்லை. ‘ஊரக் குடுத்துட்டம்’ என்பார்கள், அவ்வளவுதான். கொடுத்த பொருளை வாங்கியவர் எங்காவது வைத்திருப்பார் இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மைன்ஸில் ஸ்டோர் என்று ஒன்று இருப்பதாக அப்பா சொல்வார். பழைய இரும்பு, ரோலர், சங்கிலி எல்லாம் அங்கே கிடக்குமாம். அம்மாவின் ஊரும் அங்கேதான் எங்கேயோ இருக்கும்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “இந்த வருஷம் பூசைக்கு நானும் வர்றங்க” என்றாள்.

ஆயுத பூசை அன்று மட்டும் குடும்பங்களை மைன்ஸுக்குள் விடுவார்கள். பெர்மனென்ட் வீடுகளுக்குப் பாஸ் வரும். எங்களைப் போன்றவர்களைக் காண்ட்ராக்டர் தன் வேனில் ஏற்றிப் போவார். அவர் பார்த்து ஏற்றினால்தான் உண்டு. அம்மா ஒரு வருடம்கூட வருகிறேன் என்று சொன்னதில்லை. அம்மா பொதுவாகவே எதையும் கேட்கிறவள் இல்லை. அப்பா அவளை ஒரு முறை பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மாமா சாப்பிட்டுவிட்டு நிகழ்ச்சிக்குப் போனார். அன்றைய விநோதச் செய்திதான் அந்தக் கிணறு. ‘நம் பக்கத்திலேயே ஓர் ஊர் ஆகாயத்தில் இருக்கிறது. ஒரு வேப்பமரம், ஒரு மாட்டுக் கொட்டகை, நாலு தெரு. கிணறு மட்டும் தண்ணீரோடு தொங்குகிறது.’ இப்படி வாசித்தார். உடனே யாரோ போன் போட்டார்கள். போனில் பேசுவதும் டிவியில் கேட்கும்.

“தம்பி, அந்த ஊருக்கு எந்த பஸ்சு போவுது?”

“பஸ்சு கெடையாதுங்க. பருந்து மட்டும் போய் வந்துகினு இருக்கு.”

தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் சுவர் தாண்டி வந்தது. எங்கள் வீட்டில் ரசம் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதோடு விட்டிருந்தால் எல்லாம் நன்றாகவே நடந்திருக்கும். ஆனால் பூசை நெருங்குகிறது, அதற்கு ஏற்ற சர்வே வேண்டும் என்று மாமாவுக்குத் தோன்றிவிட்டது. பூசைக்குக் காண்ட்ராக்டர்கள் தங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் பொரி, கடலை, பழம் போட்டு ஒரு பொட்டலம் கொடுப்பார்கள். போன வருடம் எந்தக் காண்ட்ராக்டரின் பொட்டலம் நல்ல பொட்டலம்? இதுதான் கேள்வி. மூன்று காண்ட்ராக்டர்களுக்கு மூன்று தகர டப்பா. வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுப்பேன், பிடித்த டப்பாவில் போட வேண்டும்.

அப்பாவின் காண்ட்ராக்டருக்கு உரிய டப்பாவை நீட்டியதும் ஒரு அத்தை எட்டிப் பார்த்துச் சொன்னாள், “இது யாருதுடி, ஜீப்புக்காரருதா? அந்தாளு குடுத்த கடலைய விட இதுல கொட்ட அதிகமா இருக்கேடி.”

அதில் ஒரே ஒரு கொட்டைதான் இருந்தது. அதுவும் டப்பா காலியாக இருந்தால் பாவமாக இருக்கிறது என்று நான் போட்டது.

மாமா நிகழ்ச்சியில் பெயர் சொல்லவில்லை. ‘வெள்ளை ஜீப், கண்ணாடியில் முருகன் படம், மற்றபடி யார் என்று சொல்ல மாட்டேன்’ என்றார். ‘இவர் பொட்டலத்தில் கடலை இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். நேரில் பார்த்தவர் யாரும் இல்லை’ என்றார். அந்தப் பக்கத்தில் வெள்ளை ஜீப் ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு வந்த அளவுக்குப் போன்கள் அதற்கு முன்பு வந்ததே இல்லை.

மறுநாள் அப்பா வேலையிலிருந்து வந்து கால் கழுவாமல் வாசலிலேயே உட்கார்ந்தார்.

“ஜீப்புக்காரரு என்னா சொன்னாரு?” என்றாள் அம்மா.

“உம் மச்சான் டிவியில எம் மானத்த வாங்குறான், பூசைக்கு ஒங் குடும்பத்த அந்த டிவிக்குள்ளயே ஏத்திகினு போவச் சொல்லுன்றாரு.”

மாமா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். எப்போதும்போல நடுவில் குழி பண்ணி ஊற்றினாள். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

“நேத்து எல்லாரும் சிரிச்சாங்களாடா?”

“சிரிச்சாங்கக்கா.”

“நல்லா சிரிச்சாங்களா?”

மாமா தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“அப்ப சரி. நான் போவல.”

அம்மா திட்டியிருந்தால் மாமா பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார். அது அவருக்குக் கைவந்த வேலை. அன்றைக்குக் குழம்பு ஊற்றிய சோறு அப்படியே இருந்தது. எனக்கும் அழுகை வந்தது. அம்மாவுக்காக அல்ல. அம்மா வராவிட்டால் என்னையும் கூட்டிப் போக மாட்டார்கள், மிஷினைப் பார்க்க முடியாது என்பதற்காக.

இரண்டு நாள் கழித்து எங்கள் பக்கத்தில் ‘உலகப் பொரி தினம்’ கொண்டாடப்பட்டது. சிறப்பு விருந்தினர், வெள்ளை ஜீப் காண்ட்ராக்டர். மாமா அவர் வீட்டுக்கே போய், இந்த நாளில் ஊரில் ஒரு பெரிய மனிதரை உட்கார வைத்துப் பேட்டி எடுப்பது வழக்கம் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார். அவரும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம் என்று வந்து நீலப் போர்வையின் முன்னால் உட்கார்ந்தார். நடுவில் ஒரு தாம்பாளத்தில் பொரி குவித்திருந்தது. அதன் மேல் கடலை தாராளமாகவே இருந்தது.

ஆரம்பிக்கும் முன் அவர் மாமாவிடம் மெதுவாகக் கேட்டார், “நெசமாவே இன்னிக்கு அந்த நாளுதானா?”

“ஒலகம் பூராங்க” என்றார் மாமா.

பேட்டி நன்றாகத்தான் போனது. பொரியின் நன்மைகளை அவர் எடுத்துச் சொன்னார். தன் சிறுவயதில் பொரியில் வெல்லம் கலந்து தின்றதைச் சொன்னார். ஆனால் மாமா சுற்றிச் சுற்றி வேன் பேச்சுக்கு வந்தபோதெல்லாம், “எடம் இருந்தா பாக்கலாம்” என்று முடித்துவிட்டார். மாமாவின் நெற்றி வியர்த்தது. கடைசியாக, நேயர்கள் சார்பில் நம் நிருபர் ஒரு கேள்வி கேட்பார் என்று என்னை இழுத்து முன்னால் நிறுத்தினார். ‘எல்லாக் குடும்பத்தையும் ஏற்றிப் போவீர்களா?’ என்பது எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்த கேள்வி. விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்ததும் அது மறந்துபோயிற்று. எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்த ஒன்றைக் கேட்டேன்.

“எங்கம்மா ஊரு உள்ளதான் இருக்குதாமே, அதையும் காட்டுவீங்களா?”

அவர் வாயில் பொரி இருந்தது. மெல்லுவதை நிறுத்தினார்.

“ஒங்கம்மா எந்த ஊரு?”

நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். டிவியில் தெரிகிறது என்பதை மறந்துவிட்டவர்போல இருந்தது அவர் முகம்.

“நீ அந்த ஊராடா? சொல்லவே இல்ல?”

“கேக்கலீங்களே.”

“எங்க நெலம், கொல்லியெல்லாம் ஒங்க ஊரு ஏரிக்கு அந்தாண்டதான்டா இருந்துச்சி.”

இருவரும் தாம்பாளத்துப் பொரியை அளைந்துகொண்டிருந்தார்கள். நேரடி ஒளிபரப்பில் அப்படிச் சும்மா இருக்கக் கூடாது என்று மாமாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அப்புறம் காண்ட்ராக்டர் என்னைப் பார்த்து, “மொத ட்ரிப்புலயே வரச் சொல்லு கண்ணு” என்றார். ஒரு பிடி கடலையை அள்ளி என் கையில் கொட்டினார். என் கேள்வியில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. நல்ல நிருபர் என்பதால் வேலை நடந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பூசை அன்று வேனில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள். மைன்ஸ் விளிம்பில் வேனை நிறுத்தி எல்லோரையும் பார்க்கச் சொன்னார்கள். மாமா தள்ளிப் போய் நின்றார். தூரத்தில் தெரிந்த அனல்மின் நிலையப் புகைபோக்கிக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் நேராகக் கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஆன்டெனா திருப்பும்போதும் அப்படித்தான் செய்வார். இங்கேயுமா சிக்னல் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு வேன் கீழே இறங்கியது.

இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. முதலில் செம்மண் சுவர். அதற்குக் கீழே மஞ்சள். அதற்கும் கீழே சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்த மண். விளிம்பில் நின்ற மரங்கள் கொத்தமல்லித் தழையாகச் சிறுத்துவிட்டன. ஆகாயம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. பூமிக்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வேனில் இருந்த குழந்தைகள் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தின.

இறங்கியதும் நான் அப்பாவிடம் மிஷின் எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“அதோட நெழல்லதான் நிக்குற பாப்பா.”

அண்ணாந்தேன். அதுவரை நான் அதை ஏதோ ஒரு கட்டடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரும்பில் ஒரு தெரு எழுந்து நின்று கையை நீட்டியதுபோல இருந்தது. கை நுனியில் சக்கரம். சக்கரத்தைச் சுற்றிலும் பல் வைத்த வாளிகள். ஒரு வாளிக்குள் எங்கள் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடலாம். கட்டியிருந்த வாழைமரங்கள் அதன் காலில் முளைத்த புல்லாகத் தெரிந்தன. சக்கரத்துக்கு ஒரு மாலை போட்டிருந்தார்கள், யார் ஏறிப் போட்டார்களோ. கீழேயிருந்து பார்க்க அது ஒரு நூல்.

பூசைக்காக மிஷினை நிறுத்தியிருந்தார்கள். அது சும்மா நிற்பதை வருடத்தில் இந்த ஒரு நாள்தான் பார்க்க முடியும் என்று அப்பா சொன்னார். தினமும் அது போடும் சத்தத்தில் நின்று மண் வாருகிறவர், அந்த அமைதியில் குரலைத் தாழ்த்திப் பேசினார். மிஷினுக்கும் லீவு என்று மாமா டிவியில் சொல்லலாமே என்று எனக்குத் தோன்றியது.

பூசணி உடைத்தார்கள். பிறகு ஒருவர் குனிந்து சங்கிலிச் சக்கரத்தின் அடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். அப்பாவின் சைக்கிளுக்கு வைப்போமே, அதே அளவு எலுமிச்சம்பழம். அதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவ்வளவு பெரியதும் ஒரு பழத்துக்குக் கட்டுப்படுகிறது.

இதை அம்மாவிடம் சொல்லத் திரும்பினேன். அம்மா பக்கத்தில் இல்லை.

கொஞ்சம் தள்ளி அம்மாவும் மாமாவும் மிஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பாவும் அவர்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் ஆகாயம், அதில் வட்டமடிக்கும் ஒரு பருந்து.

“இன்னும் கொஞ்சம் மேலக்கா” என்றார் மாமா. “பருந்து சுத்துது பாரு, அந்த ஒசரந்தான் நம்ம வாசலு.”

“கெணறு?”

“அதுக்கு வலப்பக்கம். வேப்பமரம் இந்தாண்ட.”

அம்மா நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள், “கோழிக்குஞ்ச தூக்கிகினு போவ அப்பல்லாம் கூரைக்கு மேல சுத்தும். இப்ப வூட்டுக்குள்ளயே பூந்துடுச்சி பாருடா.”

மாமா வெடித்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன்.

இப்போது ராட்டினம் உச்சிக்குப் போய் நிற்கும்போது எந்த ஊர் ஜனங்களானாலும் ஒரே காரியம்தான் செய்கிறார்கள். கையை நீட்டி, அதோ நம்ம வீடு என்று தேடுகிறார்கள். எல்லோரும் கீழே பார்த்துத் தேடுகிறார்கள். நாங்கள் நின்ற இடத்துக்கு மேலே ஒரு காலத்தில் தரை இருந்தது, அந்தத் தரையின் மேல் தெரு இருந்தது, அம்மா தண்ணீர் சேந்திய கிணறு இருந்தது. மண் போன பிறகு அவை இருந்த இடம் காற்றாக நின்றது. மாமா வாசித்ததிலேயே பூனையும் நிழல் வழக்கும் எப்படியோ தெரியாது, அந்தக் கிணற்றுச் செய்தி மட்டும் உண்மை. இதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்து, எங்கேயோ ஓர் ஊரில் ராட்டினத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

அன்றைக்கு எனக்கு ஒரே கவலை. திரும்புவதற்கு வேன் ஹாரன் அடித்துவிட்டது. உலகத்திலேயே பெரிய பொருள் பின்னால் நிற்கிறது, இவர்கள் ஒன்றுமில்லாத பக்கம் பார்த்து நேரத்தை வீணாக்குகிறார்கள். அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“அம்மா, மிஷினு இந்தப் பக்கம் இருக்குது. பாக்காமயே போவப் போறியா?”

“பாத்துட்டன் பாப்பா” என்றாள் அம்மா. முகத்தை அவள் கீழே இறக்கவில்லை.